மூன்று உத்தரணி வெள்ளித் தீர்த்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருஷமாக மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். மகளுடைய பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த பக்கங்களில் இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தடவையும் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பும் தவறுமாக எழுதிவிடுவேனோ என்று ஒரு பயம். மகளுடைய படிப்புக்கு என்னால் பங்கம் வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். இந்த இரண்டையும்விடப் பெரிது, செய்தவள் நான்தான் என்பதை என் கையெழுத்திலேயே பார்க்கவேண்டி வருமே என்பது. இப்போது அவள் படிப்பை முடித்துவிட்டாள். "எழுதும்மா. ஆனா ஒண்ணையும் மறைக்காம எழுது" என்று அவளே சொல்லிவிட்டாள். பெருமாள் சாட்சியாக எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கையும் சுடிதாரும் தைப்பார். மெஷினை மிதிப்பது வலது கால். அந்தக் கால்தான் எங்கள் சாப்பாடு. அவருக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

மகளுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்தால் ஒரு வருஷம் ஏகாதசி தவறாமல் இரண்டு பேரும் கோயிலைச் சுற்றி வருகிறோம் என்று வேண்டிக்கொண்டது நான். இடம் கிடைத்தது. துவாக்குடிப் பக்கம் ஒரு காலேஜ். சித்திரை மாதத்து ஏகாதசி ஒன்றில் கிளம்ப நேரமாகி, உச்சி வெயிலில் சுற்றினோம். வெயிலுக்குக் கல்லின்மேல் கயிற்றுப் பாய் விரித்திருப்பார்கள். எதிரே ஒரு வயதான அம்மா தடுமாறி வந்தார்கள் என்று இவர் பாயை விட்டு இறங்கிக் கல்லில் நடந்து வழிவிட்டார். பிறகு கூட்டத்தில் பாயில் ஏறவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் காலைத் தூக்கி வைத்தபோது பார்த்தேன். வலது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, அப்பளம் பொரிந்த மாதிரி ஒரு கொப்புளம்.

"என்னங்க இது, சுடலையா உங்களுக்கு?"

"எங்க? ஒண்ணுமே தெரியலையே."

வலிக்கவில்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அது சந்தோஷப்படவேண்டிய விஷயம் இல்லை என்று பிற்பாடுதான் அவர் காலைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்கள். சர்க்கரை அவர் காலில் உணர்ச்சியைத் தின்று முடித்திருந்தது. கொப்புளம் உடைந்து புண்ணாயிற்று. புண் ஆறவில்லை. ஆடி பிறக்கும்போது கட்டுத் துணியை அவிழ்த்தால் முன்னறை வரைக்கும் வாடை வந்தது. கஸ்டமர் வரும் நேரத்தில் ஊதுபத்தி ஏற்றி வைப்பேன். இரண்டு மாத்திரை மாற்றிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"இந்தக் கிருமி மருந்துக்கு அடங்கலம்மா. அடுத்த வாரம் வரைக்கும் பார்ப்போம். இல்லாட்டி ரெண்டு விரலை எடுக்கணும். அதுக்கும் நிக்கலைன்னா பாதி பாதம்."

வெளியில் உட்கார்ந்திருந்தவர், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "சாப்பாட்டைப் பாத்துக்கச் சொன்னாங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் தூங்கும்போது பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு விரலும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இனி மகளுடைய ஆராய்ச்சி. அதைச் சொல்லாமல் என் தப்பு விளங்காது.

அவள் துளசியை வைத்து வெள்ளியைப் பொடியாக்கினாள். அரைக்கிற பொடி இல்லை, பூதக்கண்ணாடிக்கும் தெரியாத பொடி. துளசி இலையை அலசி, தண்ணீரில் காய்ச்சி, வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளி உப்புக் கரைத்த தண்ணீரில் விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளாகி, பிறகு டிகாஷன் நிறத்துக்கு வரும். நிறம் மாறினால் வெள்ளி உருவாகிவிட்டது என்று அர்த்தமாம். "நானோ" என்று இங்கிலீஷில் அதற்கு ஒரு பேர் சொல்வாள். "அவ்வளவு சின்னதா ஆயிட்டா வெள்ளிக்கே வேற குணம் வந்துடும்மா. கிருமியோட தோலைத் துளைச்சு உள்ள போயிடும்."

அந்தத் துளசி எங்கள் வீட்டு மாடத்துத் துளசி. துவாதசியில் துளசி பறிக்கக் கூடாது என்பேன். "என் கைடு மேடத்துக்கு துவாதசி எல்லாம் தெரியாதும்மா" என்பாள். அதனால் முதல் நாளே நான் பறித்து, மூன்று தண்ணீர் அலசி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். பெருமாளுக்குப் பறிக்கும் கையால்தான் அவளுடைய லேபுக்கும் பறித்தேன்.

ஒரு நாள் போனில் ஒரு படம் காட்டினாள். வட்டமான கண்ணாடித் தட்டு. அதில் மாவு பூசின மாதிரி கிருமி படர்ந்திருந்தது. நடுவில் பொட்டு மாதிரி ஒரு காகிதத் துண்டு. அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறும் வட்டம்.

"நம்ம துளசி வெள்ளிதாம்மா. சர்க்கரைப் புண்ணுல வர்ற கிருமி இது. மருந்துக்கு அடங்காத ஜாதி. கிட்டவே வரல பாரு."

நான் போனைக் கையில் வாங்கிக்கொண்டேன். "அப்போ அப்பாவுக்கு…"

"அம்மா, இது தட்டு. அப்பா கால் இல்ல. இதுல ஜெயிக்கிறது நூறு இருந்தா, மருந்தா வெளிய வர்றது ஒண்ணுகூட வராது. வருஷக்கணக்கா ஆகும்."

வருஷக்கணக்கு அவளுக்கு இருந்தது. எனக்கு அடுத்த வாரம் வரைக்கும்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு சின்ன பாட்டிலை வெள்ளித்தாள் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தாள். மறுநாள் காலையில் மன்னார்புரம் பக்கம் வேறொரு இடத்தில் இருக்கும் மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். துவாக்குடிக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்ப நேரம் இருக்காது என்று கையோடு கொண்டுவந்தாள். அது லேப் சட்டத்துக்கு விரோதம். ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "அம்மா, இதை மட்டும் தொட்டுடாத" என்றாள்.

நான் அது என்னவென்று தெரியாமல் எடுக்கவில்லை. இதை எல்லாரும் கவனிக்க வேண்டும். தெரிந்துதான் எடுத்தேன்.

காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். எங்கள் வீட்டில் தினமும் பெருமாள் படத்துக்கு முன்னால் சின்ன வெள்ளி வட்டிலில் தண்ணீர், துளசி, ஒரு துளி பச்சைக் கற்பூரம் வைத்துக் காட்டி, உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் மூன்று தடவை தீர்த்தம் கொடுப்பேன். அன்றைக்கு வட்டிலைக் கையில் எடுத்தபோது என் புத்தி இப்படிப் போயிற்று. மருந்தாகக் கொடுத்தால் தப்பு, அதற்கு டாக்டர் வேண்டும். தீர்த்தமாகக் கொடுத்தால்? வெள்ளி வட்டிலில் துளசி போட்டால் தீர்த்தம். இதிலும் துளசி, இதிலும் வெள்ளி. பெருமாளுக்குக் காட்டின பிறகு எதுவும் கெடுதல் செய்யாதே. அணுவுக்குள் அணுவாக இருக்கிறவருக்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத பொடியை நல்லதாக்கத் தெரியாதா?

பாட்டிலைத் திறந்து வட்டிலில் சாய்த்தேன். படத்துக்கு முன்னால் வைத்தேன். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தையாவது நான் நம்பியிருக்கலாம். அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கையைக் குவித்து நீட்டினார். மூன்று உத்தரணி. மூன்றையும் குடித்து, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார். தீர்த்தத்தை யாரும் முகர்ந்து பார்த்துக் குடிப்பதில்லையே.

"என்ன இன்னைக்கு ஒரு மாதிரி கசக்குது? இரும்பை நக்கின மாதிரி?"

"பச்சைக் கற்பூரம் கொஞ்சம் கூடிப்போச்சுங்க."

அளவு குறைந்தது தெரியக்கூடாது என்று குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் விட்டு நிரப்பி, பழையபடி தாளைச் சுற்றி வைத்தேன். மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக் கிளம்பினாள். "போயிட்டு வரேம்மா" என்றாள்.

பத்து மணிக்கு அவர் வயிற்றில் ஏதோ காந்துகிறது என்றார். பதினொன்றுக்கு மோர் கொடுத்தேன், பாதியில் வைத்துவிட்டார். மெஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் முன்னறைக்கு ஓடினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். "என்ன, நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாக்குற? நான் என்ன ஓடியா போயிடுவேன், இந்தக் காலை வெச்சுக்கிட்டு?" என்றார்.

மத்தியானம் மகள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ஃப்ரிட்ஜ்ல கரண்ட் போச்சா?"

"இல்லையே."

"கலங்கிப் போயிருக்கும்மா. அடியில வெள்ளையா மாவு மாதிரி நிக்குது. மெஷின்ல வெக்கவே விடல அவங்க. குழாத் தண்ணி பட்டாதான் இப்படி ஆகும்."

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"மூணு உத்தரணி எடுத்தேன்."

"எதுக்கு? அப்பா புண்ணுல ஊத்துனியா?"

"இல்ல. தீர்த்தமா கொடுத்தேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தோளிலிருந்து பை தானாகச் சரிந்து தரையில் விழுந்தது.

"அம்மா, அதுல மாறாத வெள்ளி உப்பு இன்னும் இருக்கும்மா. அதைப் பிரிச்சு எடுத்துக் கழுவவே இல்ல."

"மூணு தண்ணி அலசித்தானே கொடுத்தேன்…"

"இலை இல்லம்மா! அந்தப் பொடியை!"

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. "அங்க என்ன குசுகுசுன்னு? சர்க்கரை எனக்குக் கால்லதான், காதுல இல்ல."

மகள் குரலைத் தாழ்த்தினாள். "மீன் முட்டையில வெச்சுப் பாத்தோம். கொஞ்சமா விட்டதுல குஞ்சு பொரிச்சுது. ஜாஸ்தி விட்டதுல பொரிக்கல."

"மூணு உத்தரணி கொஞ்சமா, ஜாஸ்தியா?"

"தெரியலம்மா." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அந்த பாட்டில்ல இருந்ததை மனுஷனுக்குன்னு யாரும் அளந்து பாத்ததில்ல."

தன் கைடுக்குப் போன் போட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்ததையும் சேர்த்துச் சொன்னாள். படிப்பு போனாலும் போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த மேடம் திட்டவில்லை. "பாட்டிலை எடுத்துக்கிட்டு இப்பவே டாக்டர்கிட்ட போ" என்றார்களாம்.

ஆட்டோ காவேரிப் பாலத்தில் ஏறியபோது வழக்கமாகத் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவேன். அன்றைக்குத் திரும்பவில்லை. அவர்தான் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எதுக்கு இவ்வளவு அவசரம்? நாளைக்குத்தானே கட்டு மாத்தணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா, "என்ன குடிச்சாரு?" என்று கேட்டார்கள்.

"தீர்த்தம்" என்றேன். என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

"அம்மா!" என்று மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அடியில் அந்த வெள்ளை மாவு மெல்ல ஆடியது.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்கள். "இதைக் குடிச்சா இதைக் கொடுன்னு புஸ்தகத்தைப் பாத்துச் சொல்ற விஷயம் இல்ல இது. இவருக்கு ஏற்கெனவே கிட்னி லேசா அடி வாங்கியிருக்கு. படுக்க வெச்சு ரத்தம், யூரின் ரெண்டையும் பாத்துக்கிட்டே இருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார்கள். "அவர் கால் போயிடுமோன்னு உயிரையே வெச்சு விளையாடிட்டீங்களேம்மா."

டாக்டருக்கே தெரியாது என்றால் யாரிடம் போவது? அதுவரைக்கும் பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவரைப் படுக்கவைத்து ஊசி குத்தின பிறகு அவரே கேட்டார். "காலைல கசந்துச்சே. அதா?"

"ஆமாங்க."

"பச்சைக் கற்பூரம்னு சொன்ன."

"சொன்னேங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நர்ஸ் வந்து ரத்தம் எடுத்தபோது அவளிடம்தான் பேசினார். "பாத்து எடும்மா, உள்ள வெள்ளி ஓடுது. நான் போயிட்டா சாம்பல்ல தேடிப் பாக்கச் சொல்லு, மகளுக்கு ஒரு ஜோடிக் கொலுசு தேறும்." நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

பெருமாளைக் கூப்பிட முடியவில்லை. வாய்க்குள் நாமம் வந்து வந்து நின்றுபோயிற்று. யார் முன்னால் வைத்துக் கொடுத்தேனோ அவரிடமே எந்த முகத்தோடு கேட்பது? அவர் பேரைச் சொல்லித்தானே என் வீட்டுக்காரரை ஏமாற்றினேன். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னேன். "நீ காப்பாத்தினாலும் காப்பாத்தாட்டியும் செஞ்சவ நான்தான். உன் மேல போட மாட்டேன்." அதற்குப் பிறகுதான் மூச்சு விடவே முடிந்தது.

மூன்றாம் நாள், கிட்னி முன்னால் இருந்ததைவிட மோசமாகவில்லை என்றார்கள். "அளவு கம்மியா இருந்திருக்கும். அதுக்கு மேல என்கிட்ட விளக்கம் கேக்காதீங்க" என்றார்கள் டாக்டரம்மா. வயிற்றுக் காந்தல் இதனாலா, மாத்திரையினாலா, அதுவும் தெரியாது.

அடுத்த வாரம் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஒரு விரலோடு நின்றது. செத்த சதையை வெட்டி எடுத்து, வேறு ஊசி மருந்து போட்டு, தினமும் கட்டு மாற்றி, பாதம் தரையில் படாதபடி ஒரு செருப்பு செய்துகொடுத்து, மாசக்கணக்கில் அந்தக் காலை ஊன்றவிடாமல் வைத்திருந்து, தைப்பொங்கலுக்குப் புண் மூடியது. காலைக் காப்பாற்றியது இதுதான். மெஷினுக்கு மோட்டார் மாட்டி இடது காலால் ஓட்டப் பழகினார். மகளிடம் ஒருமுறை கேட்டேன், அந்த மூன்று உத்தரணியும் கொஞ்சமாவது வேலை செய்திருக்குமா என்று. "செஞ்சுதுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லம்மா. அந்தத் தட்டுல பாத்தது உண்மை. அதுல இருந்து அப்பா காலுக்கு இன்னும் பாலம் கட்டல" என்றாள்.

புண் ஆறின பிறகும் ஒன்று ஆறவில்லை. காலையில் நான் வட்டிலோடு போனால், "அங்க வெச்சிடு" என்பார். கையை நீட்டமாட்டார். கோயிலில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். என் கையிலிருந்து மட்டும் வாங்கமாட்டார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை, என் கையைப் பார்த்தால் அவருக்குப் பயம்.

பங்குனியில் ஒரு நாள் கையைக் குவித்து நீட்டினார். உத்தரணியைச் சாய்க்கும் முன்னால் கேட்டார். "உள்ள என்ன?"

"தண்ணி, துளசி, பச்சைக் கற்பூரம். வேற ஒண்ணும் இல்லீங்க."

குடித்தார். அன்றிலிருந்து இன்றுவரைக்கும் அப்படித்தான். அவர் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இது எங்களோடு போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா அரையும் குறையுமாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். புண் ஆறினதும் போனில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் வெள்ளியும் துளசியும் சேர்ந்த தீர்த்தம் மூன்று உத்தரணியில் அழுகின காலைக் காப்பாற்றியதாம். விஞ்ஞானமே ஒப்புக்கொண்டதாம். பத்து பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்குமாம். அதில் டாக்டரம்மா இல்லை. சுண்டுவிரல் இல்லை. நான் சொன்ன பொய்யும் இல்லை.

அந்தச் செய்தியை நம்பித் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் கால்தாங்க. ஊசியை நிறுத்தி நாலு நாளாச்சு. உங்ககிட்ட தீர்த்தம் வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்படி ஒண்ணும் இல்லம்மா, அது நான் செஞ்ச தப்பு" என்றேன். அவள் நம்பவில்லை. "உங்களுக்குக் கெடைச்சுது, அடுத்தவங்களுக்குக் கொடுக்க மனசு வரலையாக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிக் காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தார். "இங்க வாம்மா. எண்ணிப் பாரு. தீர்த்தம் சாப்பிட்ட கால்ல எத்தனை விரல் இருக்குன்னு எண்ணு."

அவள் எண்ணினாள். நாலு. தூக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாள். "ஊசியைப் போடச் சொல்லுங்க, இன்னைக்கே போடச் சொல்லுங்க." பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டாள், வெறும் தூக்கோடு. அவர்கள் ஊசியைப் போட்டார்களா, அந்த மனுஷருக்குக் கால் இருக்கிறதா, தெரியாது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த நம்பருக்கு நான் அடித்தபோதெல்லாம் மணி அடித்து அடித்து நின்றுபோயிற்று.

ஒவ்வொரு வைகுண்ட ஏகாதசிக்கும் அந்தச் செய்தி மறுபடி கிளம்பி, சுற்றிச் சுற்றி என் போனுக்கே வருகிறது. ஒவ்வொரு தடவையும் யார் வீட்டில் யார் ஊசியை நிறுத்துகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதிவிட்டேன்.

என் மகளும் அவளைப் போன்ற பிள்ளைகளும் செய்கிற வேலை நல்ல வேலை. ஒரு நாள் அந்தப் பொடி புண்ணுக்கு மருந்தாக வரலாம், வராமலும் போகலாம். அது அளந்து பார்த்தவர்கள் சொல்லவேண்டியது. நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். படிக்கிறவர்களை இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்வதானால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அற்புதம் என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு என் பொய்யை எடுத்துவிட வேண்டாம். இடமில்லை, நேரமில்லை என்று எதையாவது சுருக்கினாலும், அந்தச் சுண்டுவிரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.